யாரும் அழுத்தாத சிவப்புப் பொத்தான்

2002 ஜூன் 20, வியாழக்கிழமை, காலை ஐந்து மணி இருபத்திரண்டு நிமிடம். மேற்கத்திக் காற்று. வானத்தில் மேகம் நிறைய, மழை இல்லை. எங்கள் பக்கத்து ஆனி மாத மேகம் ஆய்வுக்கு வரும் அதிகாரியைப் போன்றது. வரும், பார்க்கும், ஒன்றும் கொடுக்காமல் கிழக்கே போய்விடும். வேடசந்தூரைத் தாண்டி ஒரு நூற்பாலையின் வாசலில், மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். அக்குளில் ஒரு பை. பைக்குள் ஒரு தாள். எங்கள் கம்பெனி செய்து கொடுத்த பெட்டியில் எந்தக் குறையும் இல்லை என்று அதில் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்தத் தாளை நம்பி அன்று காலை பத்து மணிக்கு ஒரு பெண்ணை வேலையிலிருந்து எடுக்கவிருந்தார்கள்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, ஒரு பொருள் மக்களுக்குக் கையாள எளிதாக இருக்கிறதா என்று கண்டுபிடிக்கப் பல முறைகள் உண்டு, அவற்றில் எது சிறந்தது என்று எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். பயிற்சியில் உங்களுக்குக் கட்டம் போட்ட அட்டவணையே கொடுக்கிறார்களாம். நல்லது. எங்கள் காலத்தில் அட்டவணை கிடையாது. தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் ஒரு பூட்டுக்கடைக்கு மேல் மாடியில், பதினாலு படி ஏறினால் எங்கள் கம்பெனி. அங்கே எனக்குச் சோதித்துப் பார்க்கும் வேலை. அப்போது இருந்தது ஒரே முறைதான்: கொண்டுபோய் வைத்துவிட்டுப் போன் வரும்வரை காத்திருப்பது. வசவு எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று குறித்துக்கொள்வேன். மூன்று நிமிடத்துக்குள் முடிந்தால் வெற்றி.

2002-ல் நாங்கள் வளர்ந்துவிட்டோம். நான்கு முறைகள் வந்துவிட்டன. நான்கையும் நான் செய்தேன். நான்கும் ஒரே விடை சொல்லின. நான்கும் தவறு.

முதலில் பெட்டியைச் சொல்கிறேன். மில்லில் லீவு கேட்பதென்றால் அதுவரை சீட்டு எழுதிச் சூப்பர்வைசரிடம் கொடுக்க வேண்டும். சீட்டு தொலையும், சூப்பர்வைசருக்குக் கோபம் வரும். அதற்குப் பதிலாக, வருகை குறிக்கும் டைம் ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. திரை, எண்கள், இரண்டு பெரிய பொத்தான்கள். தொழிலாளி தன் டோக்கன் எண்ணைத் தட்டிப் பச்சையை அழுத்தினால் எத்தனை நாள் லீவு மிச்சம் என்று காட்டும். லீவு வேண்டுமென்றால் தேதியைத் தட்டி மறுபடி பச்சை. முடிந்ததும் சிவப்பு. சிவப்பின்மேல் ‘வெளியேறு’ என்று எழுதியிருந்தோம். சிவப்பை அழுத்தினால் அந்த ஆளின் கணக்கு மூடும், அடுத்தவருக்குப் புதிதாக எண் கேட்கும். யாரும் தொடாமல் மூன்று நிமிடம் கிடந்தால் தானாகவே மூடிக்கொள்ளும். தினமும் காலை ஐந்தரை முதல் ஆறரை வரை, ஷிப்ட் மாறும் ஒரு மணி நேரம்தான் பெட்டி வேலை செய்யும். ஏப்ரல் முதல் வாரத்தில் வைத்தோம்.

ஜூனில் மில் மேனேஜரிடமிருந்து போன். நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் செல்வராணி என்று ஒரு பெண், டோக்கன் 417. பெட்டியில் அடிக்கடி லீவு போட்டிருக்கிறாள். ஆனால் அந்த நாட்களில் வேலைக்கு வந்து நிற்கிறாள். அவள் இடத்துக்குப் பதில் ஆள் போட்டாயிற்று என்று வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். கேட்டால், நான் இத்தனை லீவு போடவில்லை என்கிறாள். லீவு அளவு தாண்டிவிட்டது, விதிப்படி பெயரை எடுக்க வேண்டும். பெட்டி பொய் சொல்கிறதா, பெண் பொய் சொல்கிறாளா, எழுத்தில் வேண்டும் என்றார்.

உடனே முறைகள் புறப்பட்டன.

முதல் முறை, நிபுணர்கள். சென்னையிலிருந்து இரண்டு பேர் ஏசி காரில் வந்தார்கள். மில்லில் பஞ்சுத் தூசி ஆகாது என்று பெட்டியை எங்கள் மாடிக்குத் தூக்கி வரச் சொன்னார்கள். பதினாலு படி. விதிகள் அச்சடித்த பட்டியலை வைத்துக்கொண்டு முப்பத்தொரு குறை கண்டுபிடித்தார்கள். முதல் குறை, மில்லின் சின்னம் திரையின் நடுவில் இல்லை, கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி இருக்கிறது. ‘வெளியேறு’ நல்ல தமிழ், தெளிவான சொல் என்று பாராட்டினார்கள். சிவப்பை இன்னும் சிவப்பாக்கச் சொன்னார்கள். ஆக்கினோம்.

இரண்டாவது, கேள்வித்தாள். இருநூறு அச்சடித்தோம். சூப்பர்வைசர் தம் கையால் கொடுத்து, பக்கத்தில் நின்று, தம் கையால் வாங்கினார். நூற்று எண்பத்தெட்டு திரும்பி வந்தது. நூற்று எண்பத்தெட்டிலும் ‘மிக எளிது’. அதில் அறுபத்துமூன்று ஒரே கையெழுத்தில் இருந்ததைக் கவனித்தேன். ஒற்றுமையான தொழிலாளர்கள் என்று நினைத்துக்கொண்டேன். வராத பன்னிரண்டில் ஒன்றைக் கேன்டீனில் என் வடைக்குக் கீழே பார்த்தேன்.

மூன்றாவது, ஐந்து பெண்களை மேனேஜர் அறைக்கு அழைத்துப் பெட்டியின் முன் உட்கார்த்தி, மனதில் நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள் என்று கேட்கும் முறை. மேனேஜர் பக்கத்திலேயே நின்றிருந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போலத் திரையில் இருப்பதைச் சத்தமாக வாசித்தார்கள். மனதில் நினைப்பதை மேனேஜர் முன்னால் வாய்விட்டுச் சொல்லும் ஆளாக இருந்தால் மில்லில் எத்தனை நாள் வேலை பார்த்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆரோக்கியமேரி என்று ஒரு அம்மாள் மட்டும் சிவப்புப் பொத்தானுக்கு மேலே விரலை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். நான் எண்ணினேன், ஒன்பது வினாடி. “அழுத்துங்கம்மா, ஒண்ணும் ஆகாது” என்றேன். அழுத்தினார். ‘சிரமம் இல்லை’ என்று எழுதிக்கொண்டேன்.

நான்காவது என் சொந்த முறை, எனக்கு உயிரானது: எண்ணுவது. எந்தப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினார்கள் என்று பெட்டிக்குள்ளேயே பதிவாகும். இரண்டரை மாதப் பதிவைக் கூட்டினேன். நூறு பேரில் எண்பத்தாறு பேருக்குப் பின் கணக்கு சிவப்பு அழுத்தி முறையாக மூடியிருந்தது. மீதி பதினாலு பேர் அவசரக்காரர்கள் என்று தீர்மானித்தேன். எண்பத்தாறு! நான் படித்த காலத்தில் எனக்குக் கணக்கில்கூட அவ்வளவு வந்ததில்லை.

புதன்கிழமை மாலை கையெழுத்துப் போட்டேன். ‘பதிவுகள் அனைத்தும் சம்பந்தப்பட்ட தொழிலாளியே செய்தவை’ என்று ஒரு வரியும் சேர்த்தேன். யாரும் கேட்காத வரி. எழுத்து அழகாக வந்தது.

தாளை வியாழக்கிழமை பத்து மணிக்குள் கொண்டுவரச் சொல்லியிருந்தார் மேனேஜர். திண்டுக்கல்லிலிருந்து முக்கால் மணி நேரப் பயணம். எட்டரை மணி பஸ்ஸே போதும். ஆனால் அது பஞ்சராகிவிட்டால்? அடுத்ததில் இடமில்லாவிட்டால்? அதனால் முதல் பஸ்ஸில் ஏறினேன். பின்னாளில் ஒரு கூட்டத்தில் என்னை அறிமுகம் செய்தவர், ‘களத்துக்கே சென்று நேரில் கவனிக்கும் முறையை அந்தக் காலத்திலேயே கையாண்டவர்’ என்றார். பஸ் தவறிவிடுமோ என்ற பயம் ஒரு முறையானால் அவர் சொன்னது சரி.

கேட்டுக்கு வெளியே ஒரு பெண் நின்றிருந்தாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். என்னையும் பையையும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

“பெட்டிக்காரரு நீங்கதானா சார்?”

“ஆமா.”

“நான் செல்வராணி. நானூத்திப் பதினேழு. சனிக்கிழமைல இருந்து உள்ள விடல. பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காக. ஒங்க கையெழுத்து வந்துச்சுன்னா முடிச்சுருவாகளாம். வந்துருச்சா?”

அக்குளை இறுக்கினேன். “வந்துக்கிட்டு இருக்கு” என்றேன்.

“நான் பொய் சொல்றேன்னு எழுதியிருக்கீகளா?”

“அப்படி இல்லம்மா. பெட்டி சரியா இருக்குன்னுதான்.”

“ரெண்டும் ஒண்ணுதானே சார்” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவளிடமிருந்து தப்பிக்கவே டைம் ஆபீசுக்குள் போனேன். பெட்டிக்குப் பின்னால் ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்தேன். இதுதான் என் ஆய்வு. செய்ய வேறு வேலை இல்லாததால் எண்ணத் தொடங்கினேன்.

ஐந்து முப்பத்தொன்றுக்கு முதல் பெண் வந்தாள். எண் தட்டினாள், பச்சையை அழுத்தினாள், மிச்ச லீவைப் பார்த்தாள், போய்விட்டாள். சிவப்பைத் தொடவில்லை. இரண்டாவது பெண் வந்தபோது திரையில் முன்னவளின் கணக்கு திறந்தே கிடந்தது.

“ஏய், நம்பரே கேக்கலடி.”

“ரெண்டு மாசமா மூஞ்சியப் பாக்குதுல்ல, நம்மள அடையாளம் தெரிஞ்சுக்கிருச்சு போல.”

“எனக்கு ஏழு நாளு மிச்சம்.”

“எனக்கும் ஏழு.”

“எல்லாத்துக்கும் ஏழுதான். சூப்பர்வைசரு மாதிரி ஆளப் பாத்து மாத்திப் பேசாது. நேர்மையான பெட்டி.”

நேர்மையான பெட்டியின் முன்னால் நாற்பத்தொரு பேர் வந்து போனார்கள். அதில் இரண்டு பேர் தேதி தட்டி லீவு கேட்டார்கள். இரண்டும் முதலில் வந்தவளின் கணக்கில் ஏறியது. வரிசை நகர்ந்துகொண்டே இருந்ததால் மூன்று நிமிடம் யாரும் தொடாமல் இருக்க வாய்ப்பே இல்லை. சிவப்பு அழுத்தியவர்கள் பூஜ்யம். இரண்டு முறை எண்ணினேன். பூஜ்யத்தை எத்தனை முறை எண்ணினாலும் பூஜ்யம்தான்.

வரிசையில் ஆரோக்கியமேரி வந்தார். அவரும் சிவப்பைத் தொடாமல் நகர்ந்தார். நான் எழுந்து போய் நிறுத்தினேன்.

“ஏம்மா, சிவப்ப அழுத்தலயே?”

“அதுல என்ன எழுதியிருக்கு சார்?”

“வெளியேறு.”

“விடியுமுன்ன எந்திரிச்சு வேலைக்கு வந்து நிக்கிறவ, என்னய வெளியேத்துன்னு நானே அமுக்குவேனா?” சுவரைக் கை காட்டினார். நோட்டீஸ் பலகையில் ஒரு தாள். ‘கீழ்க்கண்டோர் பணியிலிருந்து வெளியேற்றப்படுகின்றனர்.’ கீழே ஆறு பெயர்கள். அந்தத் தாள் பெட்டியிலிருந்து நாலு அடி தூரத்தில் இருந்தது. “இந்த மில்லுல அந்த வார்த்தைய அதுல மட்டுந்தான் பாத்துருக்கோம். வீட்டுல இருந்து கெளம்பும்போதே போறேன்னு சொல்ல மாட்டோம்.”

“அன்னைக்கு மேனேஜர் ரூம்ல அழுத்துனீங்களே?”

“நீங்க அழுத்தச் சொன்னீக. அவரு பக்கத்துல நிக்காரு. மாட்டேன்னா சொல்ல முடியும்? சாயங்காலம் போயி அந்தோணியாருக்கு ஒரு மெழுகுதிரி ஏத்துனேன், வேலைக்கு ஒண்ணும் வந்துறக் கூடாதுன்னு.”

அந்த ஒன்பது வினாடிக்கு அர்த்தம் அதுதான். நான் ‘சிரமம் இல்லை’ என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

“சரி, வேலை முடிஞ்சு கெளம்பும்போது என்ன சொல்வீங்க?”

“வாரேன்னு சொல்லுவோம். வேற என்னத்தச் சொல்ல?” சொல்லிவிட்டு, “வாரேன் சார்” என்று உள்ளே போய்விட்டார்.

அப்படியானால் என் எண்பத்தாறு? நூறில் எண்பத்தாறு முறை சிவப்பை அழுத்தியது யார்?

எட்டேகாலுக்கு விடை ஒரு மொபெட்டில் வந்தது, முன்னால் இரண்டு ஆட்டுக்குட்டிகளோடு. மற்ற நாட்களில் டைம் ஆபீஸ் வாசலில் நிற்கும் காலை ஷிப்ட் காவலாளி. வியாழன்தோறும் அவருக்கு வார லீவு. அன்று அய்யலூர் ஆட்டுச் சந்தை. குட்டிகளைக் கேட்டுக்கு எதிரில் இருந்த தம் வீட்டு வாசலில் கட்டிவிட்டு, நான் கேட்டதற்குச் சிரித்தார்.

“பொம்பளப் பிள்ளைக அத அமுக்காதுக சார். எல்லாம் எங்கிட்ட வாரேன்னு சொல்லிட்டுப் போகும். நானே ஒவ்வொண்ணா அமுக்கி விடுவேன். கதவத் தொறந்து போட்டுட்டுப் போனா நம்ம சாத்துறதில்லயா?”

“ஏன் இத யாருகிட்டயும் சொல்லல?”

“யாரு கேட்டா? காயிதம் குடுத்தப்ப நானும் கை நீட்டுனேன். நீ காண்ட்ராக்ட் ஆளு, ஒனக்கில்லன்னுட்டாரு சூப்பர்வைசரு.”

டைம் ஆபீசில் உட்கார்ந்து, என் குறிப்பேட்டில் இருந்த பதிவைக் கிழமை வாரியாகப் பிரித்தேன். ஆறு நாள் நூற்றுக்கு நூறு. வியாழன் பூஜ்யம். இரண்டரை மாதமாக நான் கூட்டத்தான் கூட்டினேன், பிரித்துப் பார்க்கவில்லை. ஏழில் ஆறு என்றால் எண்பத்தாறு என்பது ஆறாம் வகுப்புக் கணக்கு.

வாசலில் நின்ற செல்வராணியிடம் கேட்டதும் அவள் விஷயமும் பிரிந்தது. சந்தைக் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வியாழக்கிழமைகளில் அய்யலூர் பக்கத்து மில் பஸ் சீக்கிரமே கிளம்பிவிடும். அந்தப் பஸ்ஸில் வரும் அவள்தான் பெட்டிக்கு முதல் ஆள். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் கேட்ட லீவெல்லாம் அவள் தலையில். லீவு கேட்டவர்கள் வீட்டில் இருந்த நாளுக்குச் சொல்லாமல் நின்றதாகத் திட்டு வாங்கினார்கள். திட்டு புதிதில்லை, அதனால் புகாரும் இல்லை. செல்வராணியோ, தப்பாக ஏதும் ஏறியிருக்கிறதா என்று பார்க்கத்தான் ஒவ்வொரு வியாழனும் ஓடி வந்து பெட்டியைத் திறந்திருக்கிறாள். பார்க்கப் பார்க்க ஏறியிருக்கிறது.

மணி ஒன்பது பத்து. மில் போனிலிருந்து எங்கள் கம்பெனி முதலாளியைக் கூப்பிட்டேன். முழுக்கக் கேட்டார்.

“சார், நாலு விதமாப் பாத்தாச்சுல்ல? அஞ்சாவதா ஒரு விதம் நீங்க எதுக்குப் பாத்தீங்க?”

“பஸ் சீக்கிரம் வந்துருச்சு சார்.”

“இன்னைக்குத்தான் பாக்கி செக் தர்றாங்க. தாளக் குடுத்துட்டு வாங்க. அடுத்த வாரம் போயி சத்தமில்லாம பெட்டியச் சரி பண்ணிருவோம். அந்தப் பொண்ணு வேற மில்லுக்குப் போயிரும். வேடசந்தூர்ல மில்லுக்கா பஞ்சம்?”

உங்கள் அட்டவணையில் இல்லாத இடம் இதுதான். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது, இரண்டு பெண்கள், வீட்டுக் கடனில் எழுபத்தொரு தவணை மிச்சம். வீரம் ஒன்றும் வரவில்லை. முதலாளி சொன்னது புத்திசாலித்தனமாகவே பட்டது. தாளை எடுத்து இன்னொரு முறை படித்தேன். ‘பதிவுகள் அனைத்தும் சம்பந்தப்பட்ட தொழிலாளியே செய்தவை.’ முதலாளி சொல்லிய வரி இல்லை அது. மேனேஜர் கேட்ட வரியும் இல்லை. என் சொந்தச் சரக்கு. ரெண்டும் ஒண்ணுதானே சார் என்று அவள் சொன்னது அந்த வரிக்குத்தான் பொருந்தியது. வேறு தாள் இல்லை. அதே தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில், ‘முன்பக்கம் எழுதியது தவறு’ என்று தொடங்கிப் பதினொரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மேனேஜர் ஒட்டன்சத்திரத்துக்காரர். மரியாதை குறையாமல் குத்துவார். இரண்டு பக்கத்தையும் படித்தார்.

“ஏனுங்க சார், முன்னால சரின்னு ஒரு கையெழுத்து, பின்னால தப்புன்னு ஒரு கையெழுத்து. எந்தப் பக்கத்தை ஃபைல்ல மேல வெக்கறதுங்க?”

“பின்பக்கத்தை.”

“மெட்ராஸ்காரங்க சரின்னாங்களே?”

“அவங்க பெட்டியப் பாத்தாங்க. பெட்டி முன்னால நிக்கிறவங்களப் பாக்கல. நானுந்தான்.”

அவர் எழுந்து டைம் ஆபீசுக்கு வந்தார். நோட்டீஸ் பலகையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், நடுவில் நாலு அடியைப் பார்த்தார். செல்வராணியை உள்ளே அனுப்பச் சொன்னார். பெயர் எடுக்கவில்லை. ஆனால் பெட்டி லீவு காட்டி அவளைத் திருப்பி அனுப்பிய நாட்களுக்குக் கூலி கிடையாது என்றார். “பெட்டி உங்களுதுங்க, தப்பு உங்களுதுங்க. மில்லு ஏனுங்க குடுக்கோணும்?” முதலாளியோ, “பின்பக்கம் எழுதுனது நீங்கதானே சார்” என்றார். செக் தள்ளிப் போன கோபம் அவருக்கு.

ஒவ்வொரு ஆளுக்கும் தனியாக எண் கேட்கும்படி நிரலை மாற்றினோம். முதலிலேயே அப்படிச் செய்திருக்க வேண்டாமா என்று கேட்காதீர்கள். உங்களுக்கு முன்னால் பலர் கேட்டுவிட்டார்கள். சிவப்புப் பொத்தானைக் கழற்றி மஞ்சள் வைத்து, மேலே ‘வாரேன்’ என்று ஒட்டினோம். பேச்சுவழக்கு, இலக்கணம் இல்லை என்று நிபுணர்கள் இரண்டு பக்கக் கடிதம் எழுதினார்கள். அடுத்த வியாழன், காவலாளி சந்தைக்குப் போயிருந்த காலையில், அதே பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினேன். முப்பத்தொன்பது பேர். முப்பத்தெட்டு பேர் அழுத்தினார்கள். சிலர் வாயாலும் சொல்லிக்கொண்டே அழுத்தினார்கள். அழுத்தாமல் போன ஒருவர் மேனேஜர்.

எந்த முறை சிறந்தது என்றுதானே கேட்டீர்கள். நிபுணரை அழையுங்கள், தாள் கொடுங்கள், உட்கார்த்திக் கேளுங்கள், எண்ணுங்கள்; ஒன்றையும் விட்டுவிடச் சொல்லவில்லை. நாலும் ஒரே விடையைச் சொல்கிற அன்று மட்டும் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். கையெழுத்துக்கு முந்தின நாள் பிடித்தால் இன்னும் நல்லது.

பின்பக்கம் எழுதிய அன்று ஷிப்ட் முடிந்து செல்வராணி வெளியே வந்தபோது கேட்டில் நின்றிருந்தேன். பெட்டி அவள் பேரில் காட்டிய லீவு பதினொரு நாள், நாள் கூலி அறுபத்திரண்டு. சனிக்கிழமை முதல் மேனேஜர் உள்ளே விடாத நாட்களை மட்டும் மில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. அறுநூற்று எண்பத்திரண்டு ரூபாயை ஒரு கவரில் போட்டு நீட்டினேன்.

“இது யாரு காசு சார்?”

“பெட்டிக்காரர் காசு.”

பிரித்து எண்ணினாள். விரலை மடக்கி ஒரு கணக்குப் போட்டாள். பிறகு அறுபத்திரண்டை எடுத்து என் கையில் வைத்தாள்.

“மொத நாளு நான் நெசமாவே லீவு போட்டேன் சார். எங்க நாத்தனாரு பிள்ளைக்குக் காது குத்து. அத இதுல சேக்காதீக. வாரேன்.”

எண்ணுவதையே பிழைப்பாக வைத்திருந்தவன் கணக்கில் ஒன்று கூடுதல். பொய் சொல்பவள் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பெண் அதைத் திருத்திக் கொடுத்துவிட்டு மில் பஸ்ஸில் ஏறிப் போனாள்.

ஆக மொத்தம் எனக்கு ஆன செலவு, அறுநூற்று இருபது ரூபாய்.